ஒலி முகம்மது கேட்காத மாசம்

தென்காசியில் சாரல் என்றைக்கு விழும் என்று தெரிய வேண்டுமானால் ரேடியோவைத் திருக வேண்டாம், ஒலி முகம்மதைக் கேட்டால் போதும் என்று ஒரு காலம் இருந்தது. மனுஷன் சோசியக்காரர் ஒன்றும் இல்லை. கைலி நெய்கிறவர். வைகாசிக் கடைசியில் ஒருநாள் காலையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்காருவார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் உள்ளங்கையை வைப்பார். நேற்றுவரை மொறுமொறுவென்று நின்ற கஞ்சி போட்ட நூல் இன்றைக்குத் துவண்டு கையில் லேசாக ஒட்டினால், "நாளைக் கழிச்சு விழுந்துரும்" என்பார். விழுந்துவிடும். ஒருநாள் முன்னே பின்னே ஆகுமே ஒழிய, பொய்த்தது கிடையாது.

குதிரைவண்டிக் குத்தாலிங்கத்துக்கு இவர் வாக்குத்தான் பஞ்சாங்கம். மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்குகிற சீசன் கூட்டத்தைக் குற்றாலத்துக்கு ஏற்றிப் போகிறவர் அவர். வைகாசி பிறந்ததுமே வாசலில் வந்து நின்றுகொள்வார். "வே சாயபு, கைய வச்சுப் பாத்தீரா? என்னைக்கு விழுது? குதிரைக்கு லாடம் அடிக்கணும்வே, சட்டுனு சொல்லும்" என்று உயிரை எடுப்பார்.

ஊரே சாரலுக்காகக் காத்துக் கிடக்கும். கடைக்காரன், வண்டிக்காரன், எண்ணெய் தேய்த்துவிடுகிறவன், எல்லாருக்கும் அந்த மூன்று மாசம்தான் சோறு. ஒலி முகம்மதும் காத்துத்தான் கிடந்தார், ஆனால் பயந்துகொண்டு. அவருக்கும் அலிமாவுக்கும் பிறந்தது ஒரே ஒரு மகள், ஹைருன் பீவி. சாரல் விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு விட முடியாது.

இளைப்பு. ஆறு வயசில் பிடித்தது. மலையில் மூட்டம் போட்டு, கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று இறங்கியதும் ஆரம்பித்துவிடும். தோள்பட்டை ரெண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கும். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும். படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒலி முகம்மது அவள் முதுகில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே இது எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லிவிடுவார். அவ்வளவு பழக்கம்.

வைத்தியத்துக்கா நம்மூரில் பஞ்சம்? தூதுவளை கொடுத்தார்கள், ஆடாதொடை கொடுத்தார்கள், தண்ணீர் ஓதி ஊதிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறதே, அருவி! நம்ம ஆட்களுக்குத் தலைவலியா, அருவிக்குப் போ. பைத்தியமா, அருவிக்குப் போ. புருஷன் பொண்டாட்டி சண்டையா, அதற்கும் அருவிதான். மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீராம். "நாலு நாள் பிள்ளையக் கொண்டு நிறுத்தும்வே. நெஞ்சுச்சளி பூரா கழண்டு ஓடிரும். நானே கூட்டிட்டுப் போறேன், வாடகை வேண்டாம்" என்று குத்தாலிங்கம் பிடித்த பிடியாக நின்றார்.

ஐம்பதாம் வருஷம், பிள்ளைக்கு ஒன்பது வயசு. பொம்பளைகள் குளிக்கிற பக்கத்தில் அலிமா அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருவித் தண்ணீர் தலையில் விழுந்ததும் பிள்ளை வாயைத் திறந்தது, திறந்தபடியே நின்றுவிட்டது. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. அலிமா போட்ட கூப்பாட்டில் ஒலி முகம்மது, பொம்பளைப் பக்கம் என்றுகூடப் பாராமல் ஓடி, ஈரத்தோடு மகளைத் தூக்கி வண்டியில் போட்டார். குத்தாலிங்கம் வாழ்நாளில் அந்தக் குதிரையை அப்படி அடித்தது கிடையாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபிறகுதான் மூச்சு திரும்பியது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், கோபக்காரர். "அருவியில கொண்டு நிறுத்தினீங்களாக்கும்? நல்லா இருக்கு! இது ஆஸ்துமா. இந்தக் குளிரும் ஈரமும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. பேசாம காஞ்ச ஊரா பாத்துக் கொண்டு வைங்க" என்றார்.

அன்றைக்கு ஒரு சபதம் மாதிரி ஒலி முகம்மது மனசில் எடுத்துக்கொண்டார். இந்தப் பிள்ளையின் மூச்சுக்கு இனி வேறு யாரும் வைத்தியம் சொல்லக் கூடாது, தான்தான் காவல். பாவு நூலைத் தொட்டுச் சாரலை முன்கூட்டியே அறிகிறவருக்கு அது பெரிய காரியமா? சாரலுக்கு ரெண்டு நாள் முன்பே மேற்கு ஜன்னலைப் பழைய கைலித் துணியைத் திணித்து அடைத்துவிடுவார். தலைக்கு ஊற்றக் கூடாது. தரையில் படுக்கக் கூடாது. மோர் கூடாது. ஆவணி முடிந்து, ஐப்பசி மழையும் ஓய்ந்து, மார்கழி பிறந்துவிட்டால் ஹைருன் ராணி. துணியை உருவி எறிந்து ஜன்னலைத் திறப்பார். பனிக்காற்று உள்ளே வரும், பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. மார்கழி முதல் தேதி வெந்நீர் போட்டு மகளைத் தலைமுழுகச் சொல்லுவார். அந்த வீட்டில் அது பெருநாள் மாதிரி. அலிமா அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்குவாள்.

ரெண்டு வருஷம் ஆனி, ஆடியில் மகளை ஆலங்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அங்கே காற்று அடிக்கும், சாரல் எட்டாது. இளைப்பு பாதியாகக் குறைந்தது. அதிலிருந்து அவர் ஒரு கணக்குப் போட்டார். பதினைந்து மைல் தள்ளிப் போனால் பாதி குறைகிறது. அப்படியென்றால் கடல் தாண்டிப் போனால்?

ஐம்பத்தெட்டில் ஹைருனுக்குப் பதினேழு வயசு. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் யாக்கூப், சிங்கப்பூரில் ஜவுளிக் கடையில் வேலை. அந்தக் காலத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். பெண்டு பிள்ளைகளையும் கப்பலேற்றிக் கூட்டிப் போய்விடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இவர் கேட்பார் என்று பதிலோடு உட்கார்ந்திருந்தார்கள். இவர் கேட்டது ஒரே கேள்வி.

"அங்கன ஆனி, ஆடி எப்படி இருக்கும்? சாரல் உண்டுமா?"

யாக்கூப் ஒரு நிமிஷம் முழித்தான். "சாரலா? அது கிடையாது மாமா. அந்த மாசமெல்லாம் வெயில்தான். கொதிக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும் மாப்பிள. ஆவணியில?"

"ஆவணியிலயும் வெயில்தான்."

"குளிர்ந்த காத்து?"

"கிடையவே கிடையாது."

ஒலி முகம்மது எழுந்து உள்ளே போய் அலிமாவிடம், "முடிச்சிரலாம்" என்றார். ஒரே மகளைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறீர்களே, உங்களுக்கு மனசு இருக்கா என்று அலிமா அழுதாள். "மூச்சு இருந்தாத்தானட்டி மத்ததெல்லாம்" என்றார். 

கல்யாணம் முடிந்து, நாகப்பட்டினத்துக்குப் போய் மகளைக் கப்பலேற்றினார். ஏறுகிறபோது மகள் அழுதாள். இவர் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். கடற்கரையில் அத்தனை சனத்துக்கு நடுவில் ஒரு வாப்பா கல்யாணமான மகள் முதுகில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறதை ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். சத்தம் சுத்தமாக இருந்தது. "போயிட்டு வா மக்கா" என்றார்.

அடுத்த ஆனியில் தென்காசியில் பெருஞ்சாரல். ஒலி முகம்மது தறியில் உட்காருவார், எழுந்திருப்பார், தெருமுனைக்குப் போய்த் தபால்காரரைப் பார்ப்பார், திரும்புவார். ஒருவழியாகக் கடுதாசி வந்தது.

"வாப்பா, ஆனி பிறந்து இன்றோடு இருபது நாள். எனக்கு ஒன்றுமே இல்லை. ராத்திரி படுத்துத் தூங்குகிறேன். படுத்து!"

அந்தக் கடைசிச் சொல்லை அவர் எத்தனை தடவை படித்திருப்பார் என்று அலிமாவுக்குத்தான் தெரியும். கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய்க் குத்தாலிங்கத்திடம் வாசித்துக் காட்டினார். "பாத்தீரா அண்ணாச்சி, எங்கணக்கு எப்படி?" என்றார். குத்தாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருவி விஷயத்தில் அவருக்குள் ஒரு முள் கிடந்தது, அது அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. காவலை இங்கிருந்தே நடத்தினார். பாவு துவண்ட அன்றைக்கே உட்கார்ந்து எழுதுவார்: "அன்பு மகள் ஹைருனுக்கு, வாப்பா எழுதிக்கொள்வது. இங்கு நாளை மறுநாள் சாரல் விழும். அங்கே சாரல் இல்லை என்றாலும் உன் உடம்பு தென்காசியில் வளர்ந்த உடம்பு. மாசம் அதற்குத் தெரியும். ஜன்னலைத் துணி வைத்து அடைத்துக்கொள். தலைக்கு ஊற்றாதே." மார்கழி பிறந்தால் இன்னொரு கடுதாசி: "இனி உனக்குப் பயமில்லை. ஜன்னலைத் திறந்து போடு. தலை முழுகு." முடிவில் வழக்கம்போல நலமறிய ஆவல் என்று ஒரு வரி. நலம் என்றுதான் பதிலும் வரும்.

அறுபதாம் வருஷம் பேத்தி பிறந்தாள். சைதூன் பீவி என்று பெயர். அந்த வருஷக் கடைசியில் வந்த கடுதாசியில் ஹைருன் எழுதியிருந்தாள்: "இங்கே ஒரே மழையாக இருக்கிறது வாப்பா. மூன்று நாளாக லேசாக இளைக்கிற மாதிரி இருக்கிறது."

ஒலி முகம்மது சிரித்தார். அலிமாவைக் கூப்பிட்டு, "உம்மவளுக்குப் பிள்ள பெத்ததுல புத்தி மழுங்கிட்டு. மார்கழியில இளைக்குதாம்" என்றார்.

"என்னன்னு கேளுங்களேன்" என்றாள் அலிமா.

"கேக்கதுக்கு என்ன இருக்கு? பன்னெண்டு வருஷம் முதுகுல காது வச்சவன் நான். மார்கழியில அவளுக்கு என்னைக்கு வந்திருக்கு? வெறும் சளிட்டி அது."

அப்படியே எழுதினார். "மார்கழியில் உனக்கு இளைப்பு வராது. அது சளி. வீணாக ஊசி போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வெந்நீரில் தலை முழுகினால் சரியாகிவிடும்." மகளிடமிருந்து பதில் வந்தது: "வாப்பா சொன்னபடி செய்தேன். சரியாகிவிட்டது." அதற்குப் பிறகு அவள் மார்கழியில் இளைப்பைப் பற்றி எழுதியதே இல்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

அறுபத்து மூன்று, மார்கழி எட்டாம் தேதி. பகல் பதினோரு மணிக்குத் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் கொண்டுவந்தவரே வாசித்தார். வாசிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. ஹைருன் பீவி நேற்று இறந்துவிட்டாள், ஆஸ்துமா, அடக்கம் முடிந்தது, யாக்கூப்.

அலிமா அப்படியே சுவரோரம் சரிந்தாள். ஒலி முகம்மது தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "இது எம்மவ இல்ல" என்றார்.

"பேரு விலாசமெல்லாம் உங்களுக்குத்தான் பாய் வந்திருக்கு" என்றார் தந்திக்காரர்.

"பேரு இருக்கட்டும். இன்னைக்கு என்ன தேதி? மார்கழி எட்டு. மார்கழியில எம்மவளுக்கு இளைப்பு வராது. வேற யாருக்கோ வந்ததை மாத்திக் கொண்டாந்திருக்கீரு."

அவரைத் திட்டவும் முடியாமல் தேற்றவும் முடியாமல் தந்திக்காரர் போய்விட்டார். ஒலி முகம்மது சட்டையை மாட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்கே போனார். கிளார்க்கிடம் அதையே சொன்னார். தேதியைப் பாருங்க, மார்கழி எட்டு. இளைப்பு ஆனியில வரும், ஆடியில வரும். ஐப்பசியில் வந்தாலும் நம்பலாம். கிளார்க் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாறலங்க" என்றார். பின்னாலே குத்தாலிங்கம் வந்து நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வாரும் சாயபு, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்தார். ஒலி முகம்மது வண்டியில் ஏறிக்கொண்டார்.

அழவில்லை. மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். ஏழாம் நாள் ஓதினார்கள். நாற்பதும் முடிந்தது. தலைமாட்டில் உட்கார ஒரு உடல் கிடையாது, போய் நிற்க ஒரு கபர் கிடையாது. எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். வந்தவர்கள் அழுதார்கள், இவர் அவர்களுக்குப் பாய் விரித்தார். எட்டாம் நாளே தறியில் இறங்கிவிட்டார். கை ஓடியது, கால் மிதித்தது, கைலி வளர்ந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டார். உப்பு இல்லாத குழம்பை ஒருநாள் அலிமா தெரியாமல் ஊற்றிவிட்டாள், அதையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் நிஜம். மரத்துப்போன கால் மாதிரி மனசு இருந்தது. இருக்கிறது என்று தெரியும், தொட்டால் தெரியாது. மார்கழியில் எப்படி வந்தது என்ற ஒன்று மட்டும் எப்போதாவது வந்து நிற்கும், பதில் இல்லாமல் போய்விடும்.

மறு வைகாசியில் யாக்கூப் வந்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. சைதூனுக்கு நாலு வயசு. ஹைருனின் நெற்றி, ஹைருனின் காது. அலிமா பிள்ளையைக் கட்டிக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். ஒலி முகம்மது மருமகனுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாப்பாடு முடிந்தது. பிள்ளை தறியின் கயிறுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. யாக்கூப் தானாகவே பேச ஆரம்பித்தான்.

"பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன் மாமா. நான் கடைக்குப் போயிட்டா பாக்கதுக்கு ஆள் இல்ல. அதோட இவளுக்கும் போன டிசம்பர்ல ரெண்டு தடவ இளைச்சிட்டு. அங்கன டிசம்பர்தான் மோசம்."

ஒலி முகம்மது நிமிர்ந்தார். "டிசம்பர்ல என்ன?"

"மழை மாமா. வாரக்கணக்குல நிக்காது. குளிர்ந்து போயிரும். சுவரெல்லாம் ஈரம் ஊறி, துணிமணி பூசணம் பூத்துப் போயிரும். வருஷா வருஷம் அவளுக்கு அப்பதான் இளைச்சுது."

"வருஷா வருஷமா?"

"ஆமா. ஆனி, ஆடியில ஒண்ணும் கிடையாது. அப்ப ரூமுக்குள்ள புழுங்கிச் சாவோம், அவ ஜன்னல்ல துணியத் திணிச்சு அடைச்சு வச்சிருப்பா. ஏம்பிள்ளன்னு கேட்டா, வாப்பா எழுதியிருக்காவம்பா. டிசம்பர்ல இளைக்கும். ஊசி போட்டுட்டு வருவோம்னு கூப்பிடுவேன். இது சளிங்க, மார்கழியில எனக்கு வராது, வாப்பாவுக்குத் தெரியும்னு சொல்லிருவா. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாளு இழுத்துட்டு நின்னுரும். நானும் விட்டுட்டேன்." யாக்கூப் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கும் காலையில உங்க கடுதாசி வந்துது. மார்கழி பிறந்துட்டு, ஜன்னலத் திற, தலை முழுகுன்னு. நல்ல மழை. திறந்து போட்டுட்டுத் தலைக்கு ஊத்தியிருக்கா. நான் கடையில இருந்தேன். பக்கத்து வீட்டு ஆளுவ வந்து கூப்பிட்டாவ. டாக்சியில ஏத்தினோம். ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிக்கும்போது அவ இல்ல."

பிள்ளை தறிக் கயிற்றை இழுத்தது. பலகை தட்டென்று சத்தம் போட்டது.

"பொண்ணு பாக்க வந்தப்ப நீரு இதச் சொல்லலியே மாப்பிள" என்றார் ஒலி முகம்மது. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

யாக்கூப் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க ஆனியையும் ஆடியையும் ஆவணியையும்தான மாமா கேட்டிய."

"ஆமா" என்றார் ஒலி முகம்மது. "மார்கழியை நான் கேக்கல."

எழுந்து தறிக்குழியில் இறங்கினார். அலிமா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஏதாவது திட்டினாலாவது தேவலை, தலையில் அடித்துக்கொண்டாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவர் அறுந்துபோன ஒரு இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். சாயந்திரம்வரை நெய்தார்.

நாலைந்து நாள் கழித்துக் குத்தாலிங்கம் வந்தார். இந்த வருஷம் கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி வந்திருப்பார் போல. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "வே சாயபு... பாவு எப்படி இருக்கு?"

ஒலி முகம்மதின் கை பாவின்மேல்தான் இருந்தது. நூல் துவண்டிருந்தது. உள்ளங்கையில் ஒட்டியது. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நாளைக் கழித்து விழுந்துவிடும் என்று.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார்.

"என்னவே இப்படிச் சொல்லுதீரு? உமக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சேன். தெரியாது. மலையப் பாத்துக்கிடும்."

குத்தாலிங்கம் மேற்கே மலையை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் ஒலி முகம்மதிடம் சாரலைப் பற்றிக் கேட்கவில்லை.

சொன்ன நாளில், அதாவது அவர் சொல்லாத நாளில், சாரல் விழுந்தது. யாக்கூப் அதற்கு முந்தின நாள்தான் கிளம்பிப் போயிருந்தான். அலிமா பரபரவென்று பழைய கைலித் துணிகளை அள்ளிக்கொண்டு மேற்கு ஜன்னலுக்கு ஓடினாள். "வாங்களேன், திணிங்க! ஈரக்காத்து வருது, பிள்ளைக்கு ஆகாது!" என்றாள். ஒலி முகம்மது துணியை வாங்கிக்கொண்டார். ஒன்றைச் சுருட்டி ஜன்னல் சட்டத்தில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

சைதூன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தில் சாரலை வாங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து நாக்கை நீட்டி ஒரு துளியைப் பிடித்தாள்.

"இளைக்குதா மக்கா?" என்று கேட்டார்.

"இல்ல நன்னா." தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நெஞ்சு இறுக்குதா? சொல்லு, நீ சொல்லு."

"இல்லயே."

குனிந்து அந்தச் சின்ன முதுகில் காதை வைத்தார். மூச்சு போனது, வந்தது. வேறு சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. பிள்ளைக்குக் கூச்சம் எடுத்து நெளிந்தது. "நன்னா, தாடி குத்துது" என்றது.

"திறந்து கிடக்கட்டும்" என்று அலிமாவிடம் சொன்னார்.

"ஏன், பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? அவ உம்மாவுக்கு..."

"இவ வேற பிள்ள. இவளக் கேட்டுத்தான் செய்யணும்."

ஆனி முழுக்க, ஆடி முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் எழுந்ததும் கேட்பார், சாப்பிட்டதும் கேட்பார், விளையாடிவிட்டு ஓடி வந்தால் பிடித்து நிறுத்திக் கேட்பார். பிள்ளைக்கு அலுத்துப்போய், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு ஓடும். அந்த வருஷச் சாரல் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஐப்பசி மழையில் ஒரே ஒருநாள் லேசாக இளைத்தது. ஒலி முகம்மது சளி என்று சொல்லவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மார்கழி பிறந்தது. வீட்டில் யாரும் தலை முழுகவில்லை, நெய்ச்சோறும் ஆக்கவில்லை. அன்றைக்கு வழக்கமாக ஒரு கடுதாசி எழுதுகிற நாள். ஒலி முகம்மது பேனாவையும் ஏர்மெயில் தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து அலிமா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "யாருக்கு எழுதுதிய?" என்றாள்.

"மாப்பிளைக்கு."

எழுதி முடித்து, அவள் கேட்கட்டும் என்று வாசித்தார்.

"அன்பு மருமகன் யாக்கூபுக்கு, மாமா எழுதிக்கொள்வது. பிள்ளை சுகம். இன்றைக்கும் முதுகில் காது வைத்துக் கேட்டேன், சத்தம் இல்லை. இங்கே மார்கழி, பனி பெய்கிறது. அங்கே இப்போது என்ன காலம்? மழை தொடங்கிவிட்டதா? எத்தனை நாள் பெய்யும், குளிர் எப்படி, ராத்திரியில் அதிகமா பகலில் அதிகமா, எல்லாம் விவரமாக எழுதவும்."

அலிமா அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இத எம்மவகிட்ட ஒரு வருஷம் கேட்டிருக்கப்படாதா?"

ஒலி முகம்மது தாளை மடித்தார். ஓரத்தை நாக்கில் வைத்து நனைத்து ஒட்டப் போனார், நாக்கில் ஈரம் இல்லை. செம்புத் தண்ணீரில் விரலை முக்கித் தடவி ஒட்டினார்.

"கேட்டிருக்கலாம்" என்றார்.

பதினோரு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள் என்று, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.